கரிப்பொட்டும் பூசை வேட்டியும்

இல்லாததை இருப்பதாகக் காட்டுவது மந்திரவாதியின் தொழில். இருப்பதைக் காட்ட முடியாமல் திண்டாடுவது ஆய்வகத் தொழில். சோதனைக்குழாய் கழுவிக் கைரேகை தேய்ந்தவர்களே, உங்களுக்கு இது புரியும்.

என் மனைவி செசிலியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, முதுநகர் வீட்டு மாடியில் மாதா கோயிலுக்குக் கட்டும் என் பூசை வேட்டியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் சிதம்பரம் ரயிலுக்கு ஓடிக்கொண்டிருந்தேன். மேலிருந்தே கத்தினாள்: "அந்தக் கரிப்பொட்ட என்னிக்குத்தான் கண்ணுல காட்டப் போறீங்க?" "நாளைக்கு" என்றேன். மதியமே நெஞ்சுவலியில் போய்விட்டாள்.

பொட்டு வியாபாரம்

கரிப்பொட்டு என்பது நான் வைத்த பெயர். சிதம்பரத்தில் நான் உதவியாளனாக இருக்கும் கல்லூரி ஆய்வகத்தில் கல்பனா என்ற ஆராய்ச்சி மாணவி 'கார்பன் டாட்' செய்துகொண்டிருந்தாள். கரியின் மிக மிகச் சிறிய துகள். கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரில் கலந்து புற ஊதா விளக்கைக் காட்டினால் மட்டும் நீலமாக ஒளிரும். நான் படித்தது பன்னிரண்டாம் வகுப்பு, அதுவும் பெயில். மிச்சத்தை மாணவர்கள் போட்டுவிட்டுப் போன புத்தகங்களில் படித்துக்கொண்டேன். டாட் என்றால் புள்ளி, புள்ளி என்றால் பொட்டு என்று செசிலிக்கு விளக்கியிருந்தேன். அவள் அதைத் தெருவுக்கே விளக்கிவிட்டாள். எதிர்வீட்டுப் பெண் என்னை நிறுத்திக் கேட்டாள்:

"ஏன்ணே, எண்ண வழியுற நெத்தியில ஒட்டுமா அது?"

குழம்பா, வறுவலா?

கல்பனா பிச்சாவரம் பக்கத்து மீனவர் வீட்டுப் பெண். அவள் கரி எடுத்தது இறால் ஓட்டிலிருந்து. ஓட்டைக் காயவைத்துப் பொடித்து, தண்ணீரில் கலந்து, உள்ளே டெஃப்லான் கிண்ணம் வைத்த இரும்புக் குடுவையில் இறுக்கி மூடி, ஓவனில் வேகவைப்பாள். குக்கர்தான், விசில் மட்டும் கிடையாது. ஆறும் முன் திறந்தால் முகம் போய்விடும். ஆறிய பிறகு திறந்தால் மூக்கு போய்விடும். மூன்றாம் மாடியில் கணக்கு வகுப்பு நடத்துபவர்கள்கூட ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். டீ கொண்டுவருபவர் மட்டும் வாசலில் நின்று ஆழமாக மூச்சிழுப்பார்.

"இன்னிக்கு கொழம்பா, வறுவலாம்மா? வாசன நேத்தவிட ஜாஸ்தியா இருக்கே!"

இருட்டறையில் வேட்டி

நான் துக்கத்தில் வீட்டில் இருந்த நாட்களில் கல்பனாவின் தண்ணீர் ஒளிர்ந்துவிட்டது. அதுவரை மங்கலாகக்கூடத் தெரியாத நீலம், பிரமாதமாக எரிந்ததாம். அவளுடைய பேராசிரியர் உடனே ஆராய்ச்சியை மதிப்பிடும் குழுவைக் கூட்ட ஏற்பாடு செய்தார். அதில் தேறாவிட்டால் தலைப்பையே மாற்ற வேண்டும். இத்தனை வருட உழைப்பு சாக்கடைக்குப் போகும்.

நான் வேலைக்குத் திரும்பிய அன்று, பேன்ட் எதுவும் துவைத்ததாக இல்லை. கொடியிலிருந்து எடுத்து மடித்து வைத்திருந்த பூசை வேட்டியைக் கட்டிக்கொண்டு போனேன். "வாங்க மாமா, காட்டுறேன்" என்று கல்பனா இருட்டறைக்குள் இழுத்துப்போனாள். புற ஊதா விளக்கைப் போட்டாள். குப்பி ஒளிர்ந்தது. அதைவிடப் பிரகாசமாக இடுப்புக்குக் கீழே நான் ஒளிர்ந்தேன்.

விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு சட்டென்று நின்றது. வெள்ளையை வெள்ளையாகக் காட்ட சோப்புத்தூளில் ஒளிரும் மருந்து ஒன்றைச் சேர்க்கிறார்கள். நான் இல்லாத நாட்களில் அவளிடம் கரைசலை வடிகட்டும் வடிதாள் தீர்ந்துபோயிருந்தது. கள்ளு முதல் கஷாயம் வரை வேட்டித்துணியில் வடிகட்டுகிற ஊர் நம்முடையது. வீட்டிலிருந்து துவைத்த துணி கொண்டுவந்து வடிகட்டியிருக்கிறாள். வெறும் தண்ணீரை அதே துணியில் வடித்துப் பார்த்தாள். அதுவும் ஒளிர்ந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாமா, நீங்க இல்லாத நாளெல்லாம் நான் சோப்புத் தண்ணியத்தான் ஆராய்ச்சி பண்ணியிருக்கேன்."

நகர்ந்த நிறம்

மறுபடி ஓடு, மறுபடி ஓவன். இந்த முறை கடைத்தெருவில் அலைந்து வடிதாள் வாங்கிவந்தேன். ஒளி வந்தது, ஆனால் மங்கல். சோப்பா, கரியா? அதற்கு ஒரு சோதனை உண்டு. பாய்ச்சும் ஒளியை மாற்றினாலும் சோப்பு தன் நீலத்தை விடாது. அவள் செய்கிற வகைக் கரிப்பொட்டோ நிறம் மாறும். குழு கூடிய அன்று கருவியில் ஒளியை மெல்ல மெல்ல மாற்றினாள். திரையில் கோடு நீலத்திலிருந்து நகர்ந்து, பச்சைப் பக்கம் போய் நின்றது. பேராசிரியர் கைதட்டினார். கல்பனா அம்மாவுக்கு போன் போட்டு நடந்ததை எல்லாம் சொன்னாள். ஸ்பீக்கரில் பதில் வந்தது:

"அப்ப அப்பா வேட்டிய கிழிச்சது வீணாடி?"

சாயங்காலம் ஒரு குப்பியையும் சின்ன புற ஊதா டார்ச்சையும் என் கையில் வைத்து, "அக்காவுக்குக் காட்டுறேன்னு சொன்னீங்கள்ல, எடுத்துட்டுப் போங்க" என்றாள். செசிலி படத்துக்கு முன்னால் குப்பியை வைத்து டார்ச் அடித்தேன். மங்கலாக ஒளிர்ந்தது. ஆணியில் மாட்டியிருந்த வேட்டி அதைவிட நன்றாக ஒளிர்ந்தது.

நான் இன்னும் தண்ணீரில் போடாமல் வைத்திருக்கும் அந்த வேட்டியில் கரிப்பொட்டு ஒன்றுகூட இல்லை, செசிலி போட்ட சோப்புத்தூள்தான் இருக்கிறது.