கடைசி வீட்டுக்காரி கேட்ட கேள்வி

எங்கள் லைன் வீட்டின் கடைசி வீட்டுக்கு ஒரு பெண் தன் மகளோடு குடிவந்தாள். வந்த வாரமே துணி காயப்போடும் இடத்தில் என்னிடம் கேட்டாள்.

"ஏனுங்க்கா, கம்பெனில உங்களுக்கு பி.எஃப். புடிக்கறாங்களாங்க?"

எனக்குத் திக்கென்றது. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைக்கிறேன். மாதாமாதம் மகளிர் உரிமைத் தொகையும் என் கணக்கில் விழுகிறது. பி.எஃப். கணக்கை வைத்துச் சம்பளம் வாங்குகிறவர்களைக் கண்டுபிடித்துத் தொகையை நிறுத்தப்போகிறார்கள் என்று அப்போது தெருவெல்லாம் பேச்சு. எனக்கு அது சேருமா, சேராதா என்று நான் யாரிடமும் விசாரித்ததில்லை. விசாரித்தால் நாமே காட்டிக்கொடுத்ததுபோல் ஆகிவிடும்.

சாயப்பட்டறைக்குப் போய்வந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"ஏட்டி, அவ சும்மா கேக்கல. தாலுகா ஆபீஸ்லருந்து அனுப்பிருக்காவ. வாயக் குடுக்காத" என்றார்.

மறுநாளிலிருந்து வாசலில் கம்பெனி வேன் ஏறுவதை விட்டேன். டிபன் பாக்ஸைக் காய்கறிப் பையில் போட்டு மறைத்துக்கொண்டு அடுத்த தெரு முனைக்கு நடந்தேன். அவளோ எல்லாரிடமும் அதையேதான் கேட்டாள். வேலைக்குப் போகாமலே வாடகை கொடுக்கிறாளே, எப்படி என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அவள் வந்தால் பேச்சை நிறுத்திக்கொள்வோம்.

ஒருநாள் காலை அந்தத் தெரு முனையிலேயே அவள் நின்றிருந்தாள். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன்.

"உங்க கம்பெனில செக்கிங்குக்கு ஆள் எடுப்பாங்களாங்க?" என்றாள். அவள் கொமரலிங்கம் ஊர்ப் பக்கத்துக்காரி; புருஷன் இறந்துபோய் விதவைப் பென்ஷன் வாங்குகிறாள். "கம்பெனில பி.எஃப். புடிச்சுப் பேரு ஏறுனா பென்ஷனை நிறுத்திருவாங்கன்னு ஊர்ல சொல்றாங்க. ஆர்டர் இல்லைன்னு கம்பெனிக்காரங்க ஊட்டுக்கு அனுப்பிச்சா, நின்ன பென்ஷன் மறுக்கா வருமுங்களா? அதைத்தானுங்க எல்லார்த்தையும் கேக்கறேன். ஒருத்தரும் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்கறாங்க."

அன்றே அவளைக் கம்பெனிக்கு அழைத்துப்போனேன். பெயர் ஏற்றாமல் வேலை தர முடியுமா என்று அவள் கேட்டதும் மேனேஜர் முகம் மாறிவிட்டது.

"ஏம்மா? ஆதார் உன்னோடதுதானா? எங்கயாவது ஓடி வந்துட்டியா?"

அவள் அப்படியே திரும்பி வெளியே நடந்துவிட்டாள். தாலுகா ஆபீசில் கேட்டுப் பார்க்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் போய்க் கேட்டேனா என்ன?

அதன்பிறகு வீட்டிலேயே பனியனில் நூல் பிசிறு வெட்டினாள். பஞ்சுத்தூசியில் மகளுக்கு ஓயாத இருமல். பனியன் கொண்டுவந்து கொடுக்கும் ஏஜெண்டு ஒவ்வொரு பண்டலிலும் ஏதாவது குறை சொல்லிக் கூலியைக் குறைத்தான். தீபாவளிக்கு முன்னால் கம்பெனியில் ஆள் போதாமல் மேனேஜரே என்னிடம் அவளை அழைத்துவரச் சொன்னார், பெயர் ஏற்றித்தான் என்ற கண்டிப்போடு.

நான் போய்ச் சொன்னதும் அவள், "ஆறது ஆகட்டுமுங்க" என்று ஆதாரை எடுத்துக்கொண்டு வந்தாள்.

இப்போது என் தையல் மெஷின் வரிசைக்கு எதிரே செக்கிங் டேபிளில் நிற்கிறாள். கை நல்ல வேகம். மாதம் பிறந்தால் மட்டும் அடிக்கடி செல்போனை எடுத்துப் பார்க்கிறாள். இதுவரை பென்ஷன் நிற்கவில்லை. முறையாகத்தான் வருகிறதா, யார் கண்ணிலும் இன்னும் படவில்லையா என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. பென்ஷன் ஏறிய மெசேஜ் வந்ததும் என்னிடம் காட்டுவாள். உடனே அதை அழித்துவிடுவாள்.