துவாய் போட்ட இடம்

பேய், ஆவி, சகுனம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கல்லூரியில் படித்தது பௌதிகம், எதற்கும் காரணம் கேட்கிற வாய் எனக்கு. நீங்களும் அப்படித்தான் என்று உங்கள் முகமே சொல்கிறது. பரவாயில்லை, கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சில வருஷம் முன்பு யாழ்ப்பாணத்திலிருந்து கடல் தாண்டித் திருச்சிக்குப் படிக்க வந்தவள் நான். விடுதிக்குக் கட்ட வசதியில்லை. ஸ்ரீரங்கத்தில் வேதவல்லி டீச்சர் வீட்டு மாடியறை மலிவாகக் கிடைத்தது, மாத சீசன் டிக்கெட் எடுத்து மூன்றாம் வகுப்புப் பெண்கள் பெட்டியில் தினமும் காவேரிப் பாலம் தாண்டிப் போய் வந்தேன். சாயங்காலம் திரும்பும்போது தலைமுடியெல்லாம் கரிப்புகை நாறும். "கரிவண்டியே ஆத்துக்குள்ள வந்துடுத்து, முதல்ல போய் ஸ்நானம் பண்ணு" என்று டீச்சர் மூக்கைப் பிடித்துக்கொள்வார்.

அந்த ரயிலில் ஜன்னல் வழியாக ஒரு துண்டை எறிந்துவிட்டால் போதும், அந்த இடம் எறிந்தவருக்குத்தான், அதில் சண்டையே கிடையாது. விடுமுறைக்கு ஊர் போனபோது இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா ரயிலில் ஏறியதே இல்லை. எங்கள் தீவிலிருந்து அவள் போன தூரமெல்லாம் யாழ்ப்பாணப் பட்டணம்வரைதான். கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"துவாயைப் போட்டா இடம் தங்கடையாமோ! நல்ல சனம்தான்!" துண்டுக்கு எங்கள் பக்கம் துவாய் என்று பெயர்.

அந்த மார்கழியில் தந்தி வந்தது. அம்மாவுக்குக் கடுமையான காய்ச்சல், உடனே வா. அன்று பார்த்து ஸ்ரீரங்கத்தில் ஏகாதசிக் கூட்டம் ஊர் திரும்புகிற நாள். மாலைப் பாசஞ்சரில் போய் ஜங்ஷனில் வண்டி மாறினால்தான் மறுநாள் கப்பல் கிடைக்கும், தவறவிட்டால் ஒரு நாள் போய்விடும், அந்த ஒரு நாளுக்குள் அம்மாவுக்கு என்ன ஆகுமோ என்று எனக்குக் கை கால் ஓடவில்லை. டீச்சர் ஸ்டேஷன்வரை வந்து, "பெருமாள் இருக்கார், தைரியமாப் போயிட்டு வா" என்றார். வண்டி வந்தது, வாசல் வாசலாக ஆட்கள் தொங்கினார்கள், பெண்கள் பெட்டிக் கதவை உள்ளிருந்து யாரும் திறக்கவில்லை, நான் அழுதுகொண்டே, "கதவைத் திறவுங்கோ" என்று ஜன்னல் ஜன்னலாக ஓடினேன்.

திடீரென்று கதவு திறந்தது. வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒரு முஸ்லிம் அம்மாள் கையை நீட்டினார்.

"அழுதுகிட்டு வர்ற பொண்ணு நீங்கதானே? ஏறுங்க, சீக்கிரம்!"

உள்ளே நிற்கவும் இடமில்லை. ஆனால் ஜன்னலோரம் ஒரே ஓர் இடம் காலி, அதன்மேல் ஒரு துண்டு.

"உக்காருங்க, ஒங்களுக்குத்தான். ஒரு அம்மா போட்டு வச்சாங்க. ஸ்ரீரங்கத்துல எம்புள்ள அழுதுகிட்டு வரும், ஏத்திவிடுங்கன்னு சொல்லிட்டு, முந்தின ஸ்டேஷன் பிச்சாண்டார்கோயில்லயே எறங்கிட்டாங்க. பேச்சு ஒங்களாட்டம் ராகமா இருந்துச்சு. ரயிலுக்குப் புதுசு போல, கம்பியை விடாமப் பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க."

துண்டை எடுத்தேன். மூலையில் கிழிசல், அதில் பச்சை நூலில் கோணல்மாணலாக ஒரு தையல். அது என் தையல். சின்ன வயதில் அம்மாவின் துவாயைக் கிழித்துவிட்டு, பயந்துபோய் நானே தைத்தது. நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயமே வரவில்லை. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வண்டி காவேரிப் பாலத்தில் ஏறும்போது அழுகை நின்றுவிட்டது.

அப்புறம் கப்பல், மறுபடி ரயில், கடைசியில் தீவுக்குப் போகிற வள்ளம். வீடு சேர்ந்ததும் சின்னம்மா என்னைக் கிணற்றடியில் ரயில் கரி போகத் தலைமுழுக வைத்து, உடுப்பு மாற்றித்தான் அம்மாவின் அறைக்குள் விட்டாள். நாலைந்து நாளாகக் கண் திறக்காமல் கிடந்தவள் கண்ணைத் திறந்தாள்.

"இருக்க இடம் கிடைச்சதே, பிள்ளை?"

"கிடைச்சதம்மா."

அவ்வளவுதான். லேசாகச் சிரித்தாள், என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள், விடியும்போது போய்விட்டாள். அடுத்த வண்டியில் வந்திருந்தால் அந்தச் சிரிப்பு எனக்குக் கிடைத்திருக்காது.

காய்ச்சலில் அவள் கேட்டது தற்செயல் என்பீர்கள், நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிப் பார்த்தேன். ஆனால் அவள் தலைக்கடியில் விரித்திருந்தது அதே துவாய், அதே கிழிசல், அதே பச்சை நூல். என் பையிலும் ஒன்று இருந்தது. இரண்டும் இப்போது என் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன, எது ரயிலில் வந்தது என்று எனக்கே தெரியாது.

அதையும் விடுங்கள். அன்று காலை, கடைசியாக அம்மாவைக் குளிப்பாட்ட நான்தான் அவள் கூந்தலை அவிழ்த்தேன். குப்பென்று கரிப்புகை அடித்தது, வேதவல்லி டீச்சர் மூக்கைப் பிடித்துக்கொள்வாரே, அதே வாசம்.