ஒரே தரம் கூப்பிட்டது

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். இது கட்டிவிட்ட கதையில்லை. சந்திரன் இன்றும் நீலாயில்தான் இருக்கிறார். அவரிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள், மனிதர் அழுதுவிடுவார்.

1999 நவம்பர், ஞாயிற்றுக்கிழமை. மலேசியாவில், சிரம்பான் பக்கத்துத் தோட்டமொன்றின் ரப்பர் ஆலை. லீவு நாள், ஆள் நடமாட்டமில்லை. ரப்பர் பிழியும் உருளைகளை ஓட்டுவது சந்திரன் செய்துகொடுத்த கண்ட்ரோல் போர்டு. அதில் புரோகிராம் மாற்ற ஒவ்வொரு முறையும் சிப்பைக் கழற்ற வேண்டியிருந்தது. இனி யூஎஸ்பி கேபிளைச் செருகினாலே போதும் என்று ஆக்கத்தான் அன்று போயிருந்தார்.

கரண்ட் வந்ததும் போர்டுக்குள் இருக்கும் பூட்லோடர் என்ற குட்டிப் புரோகிராம், கேபிள் வழியாக ஒரு தரம் கூப்பிடும். லேப்டாப் பதில் கொடுத்தால், சிப்பிலிருக்கும் பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதிக்கொள்ளும். இதை ஃபிட்டர் வீரமுத்துவிடம் விளக்கினார்.

"ஒரு தரந்தானா?" வீரமுத்து சிரித்தார். உருளைகளுக்கு நடுவே கையை விட்டு, ஒட்டிய ரப்பரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "மனுசன்னா மூணு தரம் கூப்பிடுவான் லா. பேயிதான் ஒரு தரத்தோட நிறுத்தும்."

"வேலையப் பாருங்கண்ணே. ஃபியூஸ் எங்க?"

"பாக்கெட்ல. பயப்படாத தம்பி."

சந்திரனுக்கு அந்த மனிதர் மேல் உயிர். அப்பா செத்த வருசம் சோறு போட்டவர். ஃபியூஸ் இல்லாமல் மோட்டார் ஓட வழியே இல்லை. நிம்மதியாகப் போர்டுக்கு மட்டும் கரண்ட் கொடுத்தார்.

மணி 3.14. போர்டின் சின்னத் திரையில் எழுத்து வந்தது. 'பதில் கிடைத்தது.'

கேபிள் சந்திரனின் கையில் இருந்தது. இன்னும் செருகவே இல்லை...

பத்து சதவீதம். டிக். நாற்பது. டிக். யாரோ எழுதிக்கொண்டிருந்தார்கள். பிளக்கைப் பிடுங்கினார். திரை அணையவில்லை.

நூறு.

3.17. உர்ர்ர்ர்...

"அண்ணே! கைய எடுங்க!"

கை தப்பி வெளியே வந்துவிட்டது. கையுறை மட்டும் உள்ளே போய்த் தகடாக வந்தது.

3.21. தானாக நின்றது.

அன்றே சந்திரன் போர்டைக் கழற்றி நீலாய்க்குக் கொண்டுபோய்விட்டார். ஃபியூஸைத் தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி ஆபீஸ் மேசைக்குள் பூட்டிவைத்தார். மறுநாள் பிற்பகல் 3.08க்குச் சிப்பைப் படித்துப் பார்த்தார் சந்திரன். அவர் எழுதாத இரண்டு வரிகள்.

ஞாயிறு 3.17. ஓடு.

திங்கள் 3.17. ஓடு.

போர்டு தன் மேசை மேல் கிடக்கிறது, எப்படி ஓடும்? ஆனாலும் மனசு கேட்கவில்லை. தோட்டத்து ஆபீசுக்குப் போன் போட்டார். கிராணியிடம் விசயத்தைச் சொன்னால் பைத்தியம் என்பார்.

"வீரமுத்து அண்ணன கூப்பிடுங்க... அவசரம்!"

"இருங்க, ஆலை லைனுக்கு மாத்திட்டு ஆளக் கூப்பிடறேன்."

3.13. 3.15. 3.16...

"ஹலோ... தம்பி..." வீரமுத்துவுக்கு மூச்சிரைத்தது.

அவர் குரலுக்குப் பின்னால்...

உர்ர்ர்ர்...

போர்டு இல்லை. ஃபியூஸ் இல்லை. எப்படி ஓடியது என்று இன்றுவரை எவனாலும் சொல்ல முடியவில்லை. வீரமுத்துவை ஆஸ்பத்திரிக்குக்கூடக் கொண்டுபோகவில்லை. தேவைப்படவில்லை.

காரியத்தன்று கிராணிதான் சொன்னார்.

"அன்னிக்கு அரை நாள் லீவு சார் அவருக்கு. பாரோய்க்கு பஸ் ஏற தோட்டத்து கேட் கிட்ட நின்னாரு. ஆலைப் போனு அந்த உருளைக்குப் பக்கத்துச் செவுத்துலதான் இருக்கு. நீங்க கூப்பிடுறீங்கன்னு சொன்னேன்... பஸ்ஸ விட்டுட்டு ஓடியாந்தாரு."