இந்திராணி ரீச்சர் தடுத்த குளிசை

இந்திராணி ரீச்சர் இறந்துபோய்விட்டார் என்று பாடசாலையிலிருந்து அழைத்துச் சொன்னார்கள். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. இதைத் தம்பியிடம் எப்படிச் சொல்வது? மனம் கட்டுக்கடங்காமல் ஏறி இறங்கும் நோய்க்காகப் பல வருடங்களாக லித்தியக் குளிசை எடுப்பவன் அவன். இன்று உயிரோடு இருப்பதே ரீச்சரால்தான்.

அவர் உயிரியல் படிப்பித்தார், நான் தமிழ். ஓர்ஸ் ஹில்லில் பக்கத்து வீடு. அவருடைய வாய் சும்மா இராது என்பது இங்கே அஞ்சலிக்குக் கூடியிருக்கும் உங்களுக்குத் தெரியும். "உங்கட புலவர்மாருக்கு எல்லாம் நெஞ்சுக்குள்ளதான் நடக்கும். தலைக்குள்ள ஒண்டும் இல்லையோ?" என்று என்னைச் சீண்டுவார்.

ஒரு கந்தசஷ்டிக்குத் தம்பி, குளிசை விழுங்க ஒரு மிடறு தவிரத் தண்ணீரும் குடியாமல் விரதம் பிடித்தான். நாலாம் நாள் வாந்தி எடுத்தான். கை உதறியது, நாக்குக் குழறியது, நிற்க முடியாமல் தள்ளாடினான். உறவுக்காரர் அருள் வந்திருக்கிறது என்றார்கள். எங்களுக்கோ நோய் திரும்பிவிட்டதென்ற கலக்கம். தம்பியின் மனைவியான மச்சாள் அன்றைய குளிசையோடு இன்னொன்றையும் சேர்த்து அவன் வாயில் போடப் போனாள். நான் அவன் தலையைப் பிடித்திருந்தேன்.

சத்தம் கேட்டு வந்த ரீச்சர் மச்சாளின் கையைப் பிடித்தார்.

"குடுக்காதேங்கோ. அது ஒரு உப்பு. உடம்பில தண்ணி இல்லாட்டி வெளிய போகாது, உள்ளயே நிண்டு நஞ்சாகும்."

முன்பு குளிசையை நிறுத்தியபோதுதான் அவன் சாகவென்று கடலுக்குள் இறங்கினான் என்று மச்சாள் கத்தினாள். அதுவும் உண்மை. யாரை நம்புவதென்று எனக்குத் தெரியவில்லை. ரீச்சர் வாதாடிக்கொண்டு நிற்கவில்லை, ஓட்டோவை மறித்து அவனை ஏற்றினார். ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்த வைத்தியர், மருந்து அளவு மீறி ஏறியிருக்கிறது, இன்னும் கொடுத்திருந்தால் ஆள் தப்பியிருக்காது என்றார்.

பிழைத்து வந்தவனைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தோம். அவன் சத்தமாகச் சிரித்தால் மச்சாள் என்னைப் பார்ப்பாள். பேசாமலிருந்தால் நான் அவளைப் பார்ப்பேன். ரீச்சருக்கு அது பிடிக்கவில்லை.

"ஓம், மூளையும் உடம்புதான். அதுக்காக அவர் சிரிக்கிறது, கோவிக்கிறது எல்லாத்தையும் நோயெண்டு சொல்லாதேங்கோ. பிறகு அந்த மனுசனுக்கெண்டு என்ன மிஞ்சும்?"

ரீச்சரின் சாவுச் செய்தி வந்த அன்று அதைத் தம்பியிடம் நேரே சொன்னேன். கதிரையில் இருந்தபடி குலுங்கிக் குலுங்கி அழுதான். மச்சாள் பதறிப்போய், உடனே கிளினிக்குக்குக் கொண்டுபோவோம் என்றாள். வேண்டாம், அழட்டும் என்றேன்.

ரீச்சர், உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இது ஒன்றுதான். அவனைக் காவல் காப்பதை விட்டு, அன்று அவனுக்குப் பக்கத்தில் இருந்து நானும் அழுதேன்.