சூட்டில் விரியும் வளையம்

பிகோல் வட்டாரத்தில் ஒரு தென்னை ஆய்வுக்கூடத்தில் சால்வேக்கு வேலை. சீக்கு மரத்து ஓலையை அரைத்துச் சாறெடுத்து, அதில் ஒரு ஆர்.என்.ஏ. இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த ஆர்.என்.ஏ. இருக்கிறதே, அது சரியான எத்தன். உறை கிடையாது, எந்தப் புரதமும் செய்யத் தெரியாது. வளையமாக இருப்பது தன்மேலேயே மடிந்து குச்சிபோல விறைத்துக்கொள்ளும். அந்த மடிப்புதான் அதன் பிழைப்பு. மடிப்பைப் பார்த்து ஏமாந்த மரம், தன் செலவிலேயே அதற்கு நகல் எடுத்துக் கொடுத்து, இளைத்து இளைத்துச் சாகும். இந்தச் சீக்குக்கு ஊரார் வைத்த பெயர் கடங்-கடங். செத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஊரான் மரத்துக்குத் தாராளமாகச் சொல்வார்கள். சொந்த மரத்துக்கு வந்துவிட்டால் வாயே திறக்கமாட்டார்கள்.

சால்வேயின் அண்ணன் போல்தோவும், "மரம் கொஞ்சம் வாட்டமா இருக்கு" என்றுதான் ஓலையைக் கொண்டுவந்தான். கல்யாணமான வாரம் அவன் மனைவி செலிங் நட்ட மரம் அது. செலிங் போய்ச் சேர்ந்துவிட்டாள், மரம் நிற்கிறது.

சால்வே சாற்றை ஜெல்லில் விட்டு, மின்சாரம் பாய்ச்சி ஓட்டினாள். ஜெல்லைச் சூடாக்கி, அதே சூட்டில் மறுபடி ஓட்டினாள். மற்ற ஆர்.என்.ஏ. எல்லாம் முன்னே போக, ஒன்று மட்டும் பின்தங்கியது. கூடவே காத்திருந்த போல்தோ எட்டிப் பார்த்தான்.

"என்னடி அது?"

"அதேதான் அண்ணே. சூட்டுல மடிப்பு விரிஞ்சு அகண்டுருச்சு, ஓட முடியல. மரத்த எடுத்துரணும், விட்டா தோப்புக்கே ஆபத்து."

"மடிப்பு போனா?"

"போனா அதால ஒண்ணும் பண்ண முடியாது."

போல்தோ முகம் மலர்ந்து கிளம்பிப்போனான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் அண்ணன் தோப்புக்குப் போனால், மரத்தைச் சுற்றி மட்டையும் சிரட்டையும் எரிந்து அடங்கியிருந்தன. அடிமரம் கருகிப்போயிருந்தது. மூஞ்சியெல்லாம் கரியோடு நின்றான் போல்தோ.

"இந்நேரம் விரிஞ்சிருக்கும்ல?"

அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "இந்தச் சூடு பத்தாது. பத்தினாலும், ஆறினதும் அது தானா மடிஞ்சுக்கும் அண்ணே. யாரும் சொல்லித்தர வேணாம்."

"அத அன்னைக்கே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"

"உன் மூஞ்சில சந்தோஷத்தப் பார்த்தேன். வாய் வரல."

போல்தோ அவளைத் திட்டவில்லை. வீட்டுக்குள் போய்க் கோடாலியோடு வந்தான். அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மரத்து உச்சியை அண்ணாந்து பார்த்தான்.

"செலிங், எறங்கிரு புள்ள" என்றான்.