சாமை சொல்லட்டும்

“...பொய் சொல்லியிருந்தான்னா நாலு வார்த்தை திட்டிட்டு வுட்டுருப்பேண்ணா. சரியா சொல்லிட்டான். அதான் எனக்கு ஆவல” என்று சொல்லிக்கொண்டே கடைக்குள் வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பேச ஆரம்பித்திருப்பார் போல. முன்பாதி எனக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டாலும் எதைப் பற்றி என்று தெரியும். காலையிலேயே எனக்கு ஒரு போன் வந்திருந்தது.

ஆலங்காயம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. கம்ப்யூட்டரும் உண்டு. நான் யாரிடமும் போய் அதைப் படித்தவன் இல்லை. தட்டித் தட்டி, கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டது. உள்ளே வந்தவர் ஜவ்வாது மலையில் சாமை பயிரிடுகிறவர். கொஞ்சம் புளிய மரங்களும் இருக்கின்றன. வீட்டுக்குப் பின்னால் அகலமாக ஒரு மொட்டைப் பாறை. அந்தப் பாறைதான் அவரை என் கடைக்குக் கொண்டுவந்தது.

அமாவாசை நெருங்கினால் சென்னை, பெங்களூர், வேலூர்ப் பக்கமிருந்து டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் மலைக்கு வருவார்கள். நட்சத்திரம் பார்க்கிற கூட்டம். ஊர் வெளிச்சம் எட்டாத இடமாக வேண்டும் அவர்களுக்கு. பாறையில் ஸ்டாண்டை நிறுத்திவிட்டு, அவர் வீட்டில் சாப்பிட்டு, மறுநாள் காலையில் கிளம்புவார்கள். நானும் ஒருமுறை அவர்களோடு போய், சனியின் வளையத்தைப் பார்த்துவிட்டு, “ஸ்டிக்கர் ஒட்டியிருக்கீங்களா?” என்று கேட்டு மாட்டிக்கொண்டவன். அதிலிருந்து அவர்களில் ஒருவனாகிவிட்டேன்.

அவர்கள் கூடிப் பேச இணையத்தில் ஒரு அறை வைத்திருந்தார்கள். வாட்ஸப்புக்கெல்லாம் முந்திய ஐ.ஆர்.சி. என்கிற சாட். வெறும் எழுத்துதான். பழைய கம்ப்யூட்டர்க்காரர்கள், விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் மலைக்கு அதுதான் சரி. அங்கே சிக்னல் நூல் மாதிரி வரும். வாட்ஸப் வட்டம் போட்டுச் சுற்றிக்கொண்டிருக்கிற இடத்திலும் இது ஒரு வரியைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். போன் நம்பர் கேட்காது. நமக்கு நாமே ஒரு நிக்நேம் வைத்துக்கொண்டு உள்ளே போகவேண்டியதுதான்.

அவருக்கு நான்தான் போனில் போட்டுக்கொடுத்தேன். “இன்னா பேரு வெச்சிக்கிற?” என்றதற்கு, “சாமைன்னு வையுங்க. வேற எவன் வெக்கப்போறான்?” என்றார்.

சனிக்கிழமைகளில் மதியம் தாண்டியதும் அறையில் எல்லோரும் காத்திருப்பார்கள். சாமை வந்து ஒரு வரி போடுவார். “தெளிவா கீது. வாங்க.” அல்லது, “மூடிக்கிச்சி. வராதீங்க.” அவ்வளவுதான். அவருக்கு வானிலை சாஸ்திரமெல்லாம் தெரியாது. அண்ணாந்து பார்ப்பார், பார்த்ததைச் சொல்வார். சில நாள் தெளிவு என்று சொல்லி, இவர்கள் வருவதற்குள் மேகம் வந்துவிட்டதும் உண்டு. அதற்காக யாரும் அவரைக் கோபித்ததில்லை. அவர் அங்கே நின்று பார்த்துத்தான் சொன்னார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஒரு சனிக்கிழமை மலையில் நல்ல மழை. சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் சென்னைக் கார்கள் இரண்டு வந்து நின்றிருக்கின்றன. இறங்கினவர்கள் நனைந்துகொண்டே, “அண்ணா, நீங்கதானே தெளிவா இருக்குன்னீங்க?” என்று கேட்டிருக்கிறார்கள். இவர் அன்றைக்கு அறைப் பக்கமே போகவில்லை. சிக்னல் இல்லை. எவனோ ஒருவன் விளையாட்டுக்கு அவர் பேரைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்து சொல்லியிருக்கிறான். பதிவு செய்யாத பேர் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடிய பேர்தான். வந்தவர்களுக்கு அவர் மனைவி சோறு போட்டு அனுப்பினார். ஆனால் காரில் ஏறும்போது ஒருவர், “இனிமே ஒரு போனும் பண்ணிக் கேட்டுட்டு வர்றோம்ணா” என்றாராம். அந்த ‘ஒரு போனும்’ தான் இவரைக் குத்திவிட்டது.

“என் வாயில்லாமயே என் பேச்சு போவுதுண்ணா. இதுக்கு இன்னா வழி?” என்று கடைக்கு வந்து நின்றார்.

வழி இருந்தது. அந்த நெட்வொர்க்கில் பேரைப் பதிந்து காக்க ஒரு ப்ரோக்ராம் உண்டு. இது என் பேர், இது என் பாஸ்வேர்டு, இது என் ஈமெயில் என்று அதனிடம் தனியாகச் சொல்லிவிட்டால் எழுதிக்கொள்ளும்.

“யாரு அது, வாட்ச்மேனா?”

“அப்படித்தான் வெச்சிக்கோ.”

“எப்பத் தூங்குவான்?”

“தூங்கமாட்டான்.”

“சம்பளம்?”

“கெடையாது.”

“பாவம்” என்றார். ஈமெயில் அவரிடம் இல்லை, உட்கார்ந்து ஒன்று தயார் செய்தோம். உனக்கு மட்டும் தெரிந்த வார்த்தையாக இருக்கவேண்டும் என்று பாஸ்வேர்டைப் பற்றிச் சொன்னேன். யோசித்துவிட்டு ஒன்றை அடித்தார். நான் பக்கத்தில் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். “எங்க மாட்ட நான் கூப்புடற பேரு. எனக்கும் அதுக்கும்தான் தெரியும்” என்றார்.

பதிந்ததோடு விடாமல் காவலையும் போட்டுவிட்டேன். காவல் போட்டால், அந்தப் பேரோடு யார் உள்ளே வந்தாலும் அரை நிமிஷத்துக்குள் பாஸ்வேர்டைச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் பேரைப் பிடுங்கிக்கொண்டு, ‘கெஸ்ட்’ என்று ஒரு நம்பரோடு உட்கார வைத்துவிடும். திருடனுக்குப் போட்ட ஏற்பாடுதான். ஆனால் மலையில் அரை நிமிஷம் என்பது கீழே இருக்கிற அரை நிமிஷம் இல்லை. இவர் அனுப்பிய பாஸ்வேர்டு பாறையைச் சுற்றி, புளிய மரத்தைச் சுற்றிப் போய்ச் சேர்வதற்குள் பேர் போய்விடும்.

“எப்ப போனாலும் கெஸ்டாவே உக்காந்துக்கீறேன். என் பேருக்கு நானே விருந்தாளியாண்ணா?” என்று போனில் கேட்டார். பின்னாலிருந்து அவர் மனைவி குரல்: “வூட்டுக்காரனப் பாத்துக் கொரைக்கிற நாயி. அதப் போயி அண்ணன் வாங்கிக் குடுத்துக்கீறாரு!”

அதனால் அவர் அவசரப்படப் பழகினார். உள்ளே நுழைந்ததும் பாஸ்வேர்டு, அப்புறம்தான் வணக்கம். அந்த அவசரத்தில்தான் நடந்தது. வாட்ச்மேனிடம் பேசுகிற வரி ‘/’ என்று ஒரு சாய்கோட்டில் தொடங்கவேண்டும். அதற்கு முன்னால் தெரியாமல் ஒரு இடைவெளி விழுந்துவிட்டால், காதில் சொல்லவேண்டியது சபைக்கே கேட்டுவிடும். ஒரு சனிக்கிழமை மதியம், அறையில் எல்லோரும் இருக்கும்போது, சாமையின் பாஸ்வேர்டு எல்லோர் திரையிலும் வந்து விழுந்தது.

உடனே ஒருவர், “அண்ணா, மாட்டுப் பேரு மாதிரி இருக்கே?” என்று போட்டார். இன்னொருவர், “கறக்குதா?” என்றார்.

“ரெண்டு வேளையும்” என்று சாமை பதில் போட்டார்.

நான் உடனே போனைப் போட்டேன். “ஏம்பா, முதல்ல பாஸ்வேர்ட மாத்து.”

“எதுக்கு?”

“எல்லாரும் பாத்துட்டாங்கப்பா.”

“பாத்தவங்க யாரு? என் வூட்ல சாப்ட்டவங்க. இப்ப மாத்தினா அவங்கள திருடன்னு சொன்ன மாதிரி ஆவும்ணா. நாங்க வெளிய போவும்போது படல சாத்திட்டுப் போறோம். வூட்ல பூட்டு கீது, போடலாம். போட்டா பக்கத்து வூட்டுக்காரன் இன்னா நெனப்பான்?”

படல் என்பது மூங்கில் தட்டி. நாயும் ஆடும் நுழையாமலிருக்கச் சாத்துவது, ஆளைத் தடுக்க இல்லை. “அன்னிக்கு மழையில கார வரவெச்சவனும் அதுல ஒருத்தனா இருந்தா?” என்று விடாமல் கேட்டேன்.

“இருந்துட்டுப் போவட்டும். அவனும் சாப்ட்டுத்தான் இருப்பான்.”

மாற்றவில்லை. மாட்டை விசாரிப்பது அறையில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. பல மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அவர் சொன்னதுதான் சரி, நான்தான் கடைத்தெருவில் இருந்து இருந்து சந்தேகப்புத்தி பிடித்துப் போய்விட்டேன் என்றுகூட நினைத்தேன்.

அவர் இப்படிப் பேசிக்கொண்டே கடைக்கு வந்ததற்கு முந்தின நாள் சனிக்கிழமை. அன்று அவர் மலையில் இல்லை. புளியை ஏற்றிக்கொண்டு செங்கம் போயிருந்தார். சந்தைச் சந்தடியில் போனை எடுத்துப் பார்க்க நேரமில்லை. அன்றைக்கென்று வேலூரிலிருந்து ஒரு வங்கி ஊழியர் தனியாக முன்கூட்டியே மலைக்குப் போயிருக்கிறார். இந்தக் கூட்டத்தில் ரொம்ப நாளாக இருப்பவர், அமைதியான ஆள். மதியம் பாறையில் உட்கார்ந்திருந்தவர், மேற்கே மேகம் திரள்வதைப் பார்த்து, தன் நிக்நேமிலேயே அறையில் போட்டார்: “மூடுகிறது. கிளம்பாதீர்கள்.”

சென்னைக்காரர் ஒருவர், “சாமை சொல்லட்டும், பார்க்கலாம்” என்றார். பெங்களூரிலிருந்து, “நாங்க வண்டியில சாமான் ஏத்திட்டோம். சாமை அண்ணா எங்கே?” என்று கேள்வி. ஊழியர் படம் எடுத்து வேறெங்காவது ஏற்றி லிங்க் கொடுக்கப் பார்த்தார், அந்த சிக்னலில் படம் ஏறவில்லை. “நான் பாறை மேலேயே இருக்கிறேன்” என்று எழுதினார். “சரி சார், சாமை வரட்டும்” என்று பதில் வந்தது.

ஊழியர் அறையை விட்டு வெளியேறி, சாமையின் பேரில் மறுபடி உள்ளே வந்தார். பாஸ்வேர்டுதான் எல்லோருக்கும் தெரியுமே. வாட்ச்மேன் மறுபேச்சில்லாமல் விட்டுவிட்டான். “மூடிக்கிச்சி. வராதீங்க” என்று அதே மாதிரி ஒரு வரி.

“நன்றி சாமை அண்ணா” என்று எல்லோரும் போட்டார்கள். வண்டியிலிருந்து சாமானை இறக்கினார்கள். பொழுது சாய்வதற்குள் மலையில் மழை பிடித்துக்கொண்டது.

அந்த வங்கி ஊழியரின் போன்தான் காலையில் எனக்கு வந்தது. நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொல்லிவிட்டு, “தப்பா சார்?” என்றார். “சொன்னது தப்பில்ல. மீதிய அவருகிட்ட கேளுங்க” என்றேன். அவர் கேட்பதற்குள் சாமையே அவருக்குப் போன் பண்ணியிருக்கிறார். ராத்திரி மலைக்குத் திரும்பியவர், காலையில் அறையைத் திறந்ததும் தான் சொல்லாத ஒன்றுக்கு இத்தனை பேர் நன்றி சொல்லியிருப்பதைப் பார்த்து, கூட்டத்தில் அன்று மலையில் இருந்த ஒரே ஆள் அந்த ஊழியர்தான் என்று கண்டுபிடித்துக் கேட்டிருக்கிறார். அவரும் மறைக்கவில்லை. அதற்கப்புறம் கிடைத்த முதல் பஸ்ஸைப் பிடித்து இறங்கி வந்ததுதான் இது.

டீ வரவழைத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

“அந்த மனுஷன் மேல கோவமா?” என்றேன்.

“அவரு மேல இன்னா கோவம்? நல்லதுதான் பண்ணாரு. இல்லன்னா அத்தினி பேரும் வந்து நனைஞ்சிட்டுப் போயிருப்பாங்க.”

“அப்புறம் இன்னா?”

“பாறை மேல உக்காந்துனு சொன்னாரு, நம்பல. செங்கத்துல நான் புளி எடை போட்டுனு இருக்கேன், எம் பேரு சொன்னா நம்புறாங்க.” டீயை ஒரு வாய் குடித்தார். “அப்ப இத்தினி நாளா அவங்க கேட்டது இன்னாத்த?”

“உன் மேல உள்ள நம்பிக்கைதானப்பா அது” என்று ஏதோ சொல்லிவைத்தேன்.

“எம் மேல இல்லண்ணா. நான் பாத்து சொல்றேன்னுதான் நம்பிக்கை. நேத்து நான் பாக்கலியே.”

“அன்னிக்கு மாத்துன்னு கத்தினேன். முறைச்சிக்கின.”

“அன்னிக்கு நீங்க பொய்க்குப் பயந்தீங்க. பொய் சொன்னா மறுநாளே தெரிஞ்சிடும். மழையே காட்டிக் குடுத்துடும்.” டம்ளரைக் கீழே வைத்தார். “சரியாவே சொல்லிட்டுப் போனான்னு வையுங்க, நான் எதுக்கு?”

கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். பாஸ்வேர்டு மாற்றுகிற இடத்தை மட்டும் நான் எடுத்துக்கொடுத்தேன். “கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்கண்ணா, தப்பா நெனக்காதீங்க” என்றார். திரும்பி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாணியம்பாடி பஸ் ஒன்று ஆளேற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடிக்கிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. அடித்து முடித்ததும் அறைக்குள் போனார். வங்கி ஊழியரைப் பற்றியோ பாஸ்வேர்டைப் பற்றியோ அங்கே ஏதாவது சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அன்றைக்கும் யாரோ மலைக்குக் கிளம்புகிற யோசனையில் இருந்தார்கள். “சாமை அண்ணா, இன்னிக்கு எப்படி?” என்று கேள்வி வந்து கிடந்தது.

அவர் அதைப் படித்தார். வாசலுக்கு வெளியே எட்டி ஆலங்காயத்து வானத்தை ஒருமுறை பார்த்தார். அது பளிச்சென்றுதான் இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து, “தெரியல. நான் கீழே கீறேன்” என்று அடித்து அனுப்பினார்.