தெருவில் இறங்கிய துறவிகள்

என் மனைவி மலேசியக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். நான் யாழ்ப்பாணத்துச் சைவன். பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் திருச்சபை தன்னைத் திருத்திக்கொண்டபோது துறவற சபைகள் என்ன செய்தன என்று பேசும்படி, நாங்கள் குடியேறிய நகரத்தின் ஹென்டர்சன் பகுதியில் மாதமொருமுறை கூடும் தமிழ்க் கத்தோலிக்கர்கள் அவளைக் கேட்டார்கள். நாலு பேர் முன்னால் நின்றாலே அவளுக்குப் பேச்சு வராது. என்ன துணிச்சலோ, சரி என்றுவிட்டாள்.

இரண்டு மாதமாக எங்கள் பிளாக்ஹவுஸ் பே வீட்டுச் சாப்பாட்டு மேசை முழுக்கப் புத்தகம். நான் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டபடி கேள்வி கேட்பேன். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாத வாய்.

"துறவி எண்டால் உலகத்தை விட்டிட்டெல்லோ போகவேணும்? இவையள் ஏன் பள்ளிக்கூடம் நடத்தினவை?"

அவள் புத்தகத்தை மூடிவிட்டுச் சண்டைக்கு வருவாள். சோறு ஆறிப்போகும். கல்யாணமாகி இருபத்தாறு வருடங்களில் நாங்கள் இவ்வளவு சந்தோஷமாகச் சண்டை பிடித்ததில்லை.

பேசவேண்டிய ஞாயிறு, பூசை முடிந்து மாதாகோயில் மண்டபத்தில் எழுந்து நின்றாள். திருச்சபைத் தலைவர்களான ஆயர்கள் வருடக்கணக்காகக் கூடித் தீர்மானம் போட்டதை முதல் பக்கத்தில் வாசித்தாள். பக்கத்தைத் திருப்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். கண் நாற்காலியைத் தேடியது. உட்கார்ந்தாளென்றால் இனி எந்த மேடைக்கும் வரமாட்டாள், எனக்குத் தெரியும்.

"திருத்தினது ஆயர்மார்தானே?" என்று என் வாய் முந்திக்கொண்டது. "துறவிமார் மடத்துக்குள்ள செபம் பண்ணிக்கொண்டு இருந்திருப்பினம்."

மண்டபமே திரும்பி என்னை முறைத்தது. அவள் தாளைக் கீழே வைத்தாள்.

"வீட்லயும் இப்படித்தான் கேட்டீங்க! தீர்மானம் பேப்பர்ல கெடந்தா யாருக்கு என்ன லாபம்? அதைத் தெருவுக்குக் கொண்டுவந்ததுல பெரும்பங்கு இவங்களோடது. பள்ளிக்கூடம் தொறந்தாங்க. ஆஸ்பத்திரியில நோயாளியக் குளிப்பாட்டினாங்க. கடல் தாண்டி வந்து நம்ம பாஷையக் கத்துக்கிட்டு, செஞ்ச பாவத்தச் சாமியார்கிட்டச் சொல்ற பாவசங்கீர்த்தனத்துக்குத் தயாராகத் தமிழ்லயே புத்தகம் அச்சடிச்சாங்க. பொம்பளைத் துறவிங்க மடத்துக்குள்ள அடையாம ஏழைப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாங்க. அவங்கள்ல பல பேரை மடத்து மதிலுக்குள்ள போகச் சொன்னதும் அதே தீர்மானந்தான்!"

பிறகு முக்கால் மணி நேரம். தாளைத் தொடவே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

காரில் வரும்போது கேட்டாள்: "எனக்குப் பேச்சு வரட்டும்னு வேணும்னேதான கேட்டீங்க?"

ஓம் என்று சொல்லி நல்ல பெயர் வாங்கியிருக்கலாம். மனம் வரவில்லை.

"இல்லை. நீர் பாதியில விட்டிட்டுக் கதிரையில இருந்திடுவீரோ எண்டு பயந்திட்டன். வாய் தன்பாட்டில திறந்திட்டுது."

அவள் சிரித்தாள்.

"அங்க இருந்த யாருக்கும் நான் சொல்லல. உங்களுக்குத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்."